கரடிக்கு எதிர்ப்பக்கம்

அன்பு மகள் சுட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ நலமா என்றால் "சூப்பரா இருக்கேன்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை.

இன்னொரு குளிர்காலமும் அந்தப் பனிக்கட்டி ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் வரும் கப்பல்தான் குளிர்காலத்துக்கு முன் கடைசி, அது திரும்பும்போது நீ ஏறுவதா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன், கடைக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் தைத்து அனுப்பிய கோட்டின் விளிம்பில் ஏன் இத்தனை மணி, நடந்தால் எல்லோரும் ஆட்டுக்குட்டி வருகிறது என்று சிரிக்கிறார்கள் என்றாயே, அது கரடிக்காகத்தானடி. பனி இருந்தால் கரடி இருக்கும், சத்தம் கேட்டால் ஒதுங்கிப்போகும் என்று நினைத்தேன். அளவு கொடுக்க வந்த பூகோள டீச்சரிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கரடியெல்லாம் வடக்கு முனையிலதாங்க, அண்டார்டிகாங்கிற பேருக்கே கரடிக்கு எதிர்ப்பக்கம்னுதான் அர்த்தம்" என்றார். பழைய கிரேக்கர்கள் வடக்கு வானத்து நட்சத்திரக் கூட்டம் ஒன்றைக் கரடி என்றார்களாம், நம் சப்தரிஷி மண்டலம் அதில் ஒரு பகுதியாம். அந்தக் கரடியின் திசை ஆர்க்டிக், அதற்கு நேர் எதிர் அண்டார்டிகா. ஒருவரும் கண்ணால் பார்க்கும் முன்பே பெயர் வைத்தாகிவிட்டது.

கரடி இல்லை என்றதும் நிம்மதி வர வேண்டுமே, வந்ததா? கோபம்தான் வந்தது. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாமல், அதற்கு எதிர்ப்பக்கம் என்று கைகாட்ட வேண்டிய இடத்தில் என் பெண்ணுக்கு என்ன வேலை? இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போய் அந்த ஏழு நட்சத்திரத்தையும் பார்த்தேன். அங்கிருந்து அவை தெரியவே தெரியாதாம், அதையும் டீச்சர் சொல்லித் தொலைத்திருந்தார். இறங்கி வந்துவிட்டேன், மறுபடி ஏறினேன்.

"அவ சந்தோஷமா இருக்கா, இருன்னு எழுதிடு" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறார். எனக்கு மனசே இல்லை. ஆனால் வா என்றால் நீ வந்துவிடுவாய், அதுதான் பயம். வந்து ஒரு நாளும் சொல்லிக்காட்ட மாட்டாய், உன் முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொள்வேன். அதனால் இரு.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இரு. காதை மூடிக்கொள். கப்பல் கிளம்பிப்போன பிறகு போன் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணாதே, வா என்று சொல்லிவிடுவேன்.

உன்மேல் தீராத கோபத்தோடு,
அம்மா