பதினோராவது காது

மார்ச் 3, திங்கள்
இன்று பேருந்து நடத்துநர். இடது நடுச்செவியில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் செவிப்பறையை மரக்கச் செய்து, ஊசிமுனைக் கருவியை உள்ளே நுழைத்தார். எண் அசையாமல் நிற்கும்வரை வழக்கம்போல் இரண்டு நிமிடம் காத்திருந்து குறித்தேன்: ஆக்ஸிஜன் பதினான்கு சதவீதம். நல்ல காதுக்கே ஆறேழுதான் என்கின்றன நூல்கள். நோயுற்ற காதில் இன்னும் குறைய வேண்டும். டாக்டருக்கோ மகிழ்ச்சி. இதுவரை அளந்த பதினோரு காதும் ஒரே மாதிரி சொல்கின்றனவாம், கட்டுரை எழுதப் போகிறார். உள்ளே இவ்வளவு காற்று இருக்கும்போது காற்றுப் போக செவிப்பறையில் வைக்கும் ட்யூப் எதற்கு என்று மற்றவர்களைப் போலவே நடத்துநரையும் திருப்பி அனுப்பிவிட்டார். காது சரியாகாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி விடுவார்கள் என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 5
கருவி நுழைந்ததும் எண் சிறியதாக இருந்ததோ? மூன்று? நான்கு? பிறகு ஏறியதா — இல்லை, நானே கற்பனை செய்கிறேனா? ஓடும் எண்ணை நான் குறிப்பதில்லை. முப்பத்தோரு வருஷ ஆய்வகப் பழக்கம். ஓய்வுக்குப் பிறகும் டாக்டர் என்னைக் கூப்பிட்டது அதற்காகத்தான்.
மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "ஊரார் காதையெல்லாம் குடையுறீங்க. நான் மூணு தரம் கூப்பிட்டது உங்க காதுல விழல."

மார்ச் 6
டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வெறும் சந்தேகம்.

மார்ச் 7, வெள்ளி
நைட்ரஜன் நிரப்பிய குப்பியின் வாயில் மெல்லிய ரப்பரைக் கட்டி, கருவியால் குத்தினேன். முதலில் அரை சதவீதம். இரண்டு நிமிடத்தில் ஒன்பது. மூன்று முறை செய்தும் அப்படியே. குத்திய துளை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. அது நுழைந்து முடியட்டும் என்று கடிகாரம் பார்த்துக் காத்திருந்திருக்கிறேன். பதினோரு காதிலும். நிதானமாம், நிதானம். வேற எவனாவது இருந்தா அவசரத்துல சரியா எழுதியிருப்பான்.

மார்ச் 8
டாக்டர் அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன். இரண்டு தரம்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். குப்பியில் வந்த எண்களை நீட்டினேன். டாக்டர் தாளை வாங்கிப் படித்தார்.
"எத்தனை நாளா தெரியும் சார்?"
"சந்தேகம் புதன்கிழமை வந்துது டாக்டர். வெள்ளிக்கிழமை உறுதியாச்சு."
"புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே."
குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. கட்டுரையை இழுப்பறையில் போட்டுவிட்டு, நடத்துநருக்கு அவரே தொலைபேசியில் பேசினார்.

மார்ச் 14
நடத்துநரின் காதில் துளையைச் சுற்றிக் களிம்பால் அடைத்து மறுபடி அளந்தோம். எண் ஓடும்போதே குறிக்கச் சொன்னார். குறித்தேன். மூன்று.
உடனே ட்யூப் வைத்தார்.

மார்ச் 27
நடத்துநர் வந்திருந்தார். "நேத்து வண்டியில எனக்குப் பின்னாடி நின்னு ரெண்டு பேரு என்னைத் திட்டினாங்க சார். ஒரு வார்த்தை விடாம கேட்டுது."
மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் மறுபடி அளந்துகொள்ளத் திரும்ப வந்துவிட்டார்கள். மீதி நான்கு பேருக்கு இன்று மறுபடியும் கடிதம் எழுதினேன்.