பக்கத்து மாடியில எங்க டிஷ்

செவ்வாய்க்கிழமை.

பக்கத்து வீட்டுக்காரங்க மூணாவது மாடி எழுப்பினதுலேர்ந்து எங்க டிஷ்ஷுக்கு சிக்னல் இல்லை. பக்கவாதத்துல படுத்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு டிவியை விட்டா வேற எதுவும் கிடையாது. பத்து நாளா சுவரையே பாத்துட்டுப் படுத்திருந்தார்.

இன்னிக்குத் தவளக்குப்பத்துலேர்ந்து இவர் தம்பி பெரிய டிஷ் ஒண்ணோட வந்தார். மாட்டுறதுக்கு ஒரு ஆளும் கூட. "பெருசா வெச்சா சுவரைத் தாண்டிப் புடிக்கும் அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் புரியாது"ன்னார். அறுபது வயசாச்சு, பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

மாட்ட வந்தவர் மேல ஏறிப் பாத்துட்டு, "எவ்ளோ பெருசு வெச்சாலும் சுவரு மறைக்கும்மா. அவங்க மாடியில வெச்சா உடனே வந்துடும்"னார்.

"அவங்ககிட்டப் போய் நான் நிக்கணுமா?"ன்னு தம்பி நாற்காலியில உக்காந்துட்டார். போன வருஷம் இங்க வந்தப்போ பைக் நிறுத்துறதுல அவங்களோட தகராறாம். பெரிய ராஜபரம்பரை!

நானே போய்க் கேட்டேன். அந்த வீட்டு மருமக, "இதுக்கா தயங்கினீங்க? வெச்சுக்குங்கக்கா"ன்னா. எங்க பழைய டிஷ்ஷே போதுமா இருந்துது.

படம் வந்ததும் தம்பி கட்டில்கிட்டப் போய், "பாத்தியாண்ணா, ஒரே நாள்ல சரி பண்ணிட்டேன்"னார். கூச்சமே இல்லை. இவரும் கோணின வாயால, "என் தம்பி கெட்டிக்காரன்"னு என்னைப் பாத்துச் சிரிச்சார்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துது. ஆனா இவர் சிரிச்சு ஆறு மாசமாச்சு. உள்ளே போய்த் தம்பிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சக்கரை போடலை.