றொக்கட் படம் போட்ட பாதி

மச்சான்,

பக்கத்து வளவில் யாரோ பழைய தாள்களை எரிக்கிறார்கள். புகை வந்ததும் எழுந்து கதவைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

கணினியில் அப்போது, நாம் நமக்குள் நடுவர்களாகிக்கொண்ட அந்த வெளிநாட்டு விஞ்ஞானக் கதை விருதின் இறுதிச் சுற்றுக்கு அந்நாளில் வந்த நாவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் வாசித்தவற்றைத் தேடினேன். கடலுக்கடியில் நகரம் கட்டுகிறவர்களின் கதை. "சீமெந்துக் கணக்கே பிழை" என்று அதைத் தள்ளிவிட்டாய். விண்வெளியிலிருந்து திரும்பியவளைப் பெற்ற தாயே அடையாளம் காணாத கதை. அதற்கு நாம் பரிசு கொடுத்தோம், அவர்கள் கொடுக்கவில்லை. "அவங்களுக்கு என்ன தெரியும்? நடுவர்மார் நாம ரெண்டு பேரும்தான்" என்றாய்.

அடுத்த புத்தகத்தின் பெயரில் என் கை நின்றது.

சவூதியில் வேலை செய்த உன் கூடப்பிறந்த மூத்த நானா அனுப்பும் பெட்டியில் எல்லாம் ஒற்றைப் பிரதிதான். விருது முடிவு தெரியுமுன் இருவரும் வாசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே. காத்தான்குடியில் உன் புடைவைக் கடையில், துணி கிழிக்கிற அதே லாவகத்தோடு புத்தகத்தை நடுவில் பிரிப்பாய். முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. பிறகு மாற்றிக்கொள்வோம். சண்டைக்காலத்தில் பாதிப் புத்தகம் ஆமிக்காரனுக்கு எப்படித் தோன்றும் என்று இருவருமே நினைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தையும் அப்படிப் பிரித்துக்கொண்டு ஒருநாள் டவுனுக்கு வரும் வழியில், கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நின்றோம். நமக்கிடையில் நாலைந்து பேர். சிப்பாய் உன் பையிலிருந்து முன்பாதியை எடுத்தான். அட்டையில் நெருப்புக் கக்கும் றொக்கட்.

"இது என்ன? றொக்கட்?"

"சந்திரனுக்குப் போறது, சேர்."

"மத்த பாதி எங்க? யாருகிட்ட?"

என் பையில் கிடந்தது. கையிலிருந்த அடையாள அட்டை வியர்வையில் வழுக்கியது. நீ திரும்பிப் பார்த்தால் அவனும் பார்ப்பான். நீ திரும்பவில்லை.

"மத்தப் பாதி இல்ல, சேர். கதை இவ்வளவுதான்."

உன்னை மணல்மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். என் முறை வந்தபோது சிப்பாயின் கவனம் அந்தப் பக்கமே இருந்தது, கையசைத்து அனுப்பிவிட்டான். அக்கரைத் தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தேன். பாலத்திலிருந்து வந்த ஒவ்வொரு சத்தமும் உன் சத்தமாகவே கேட்டது.

பின்னேரம் வந்தாய். இடது காதைப் பொத்தியிருந்தாய்.

"அத இண்டைக்கே எரிச்சிரு மச்சான்" என்றாய். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "ஆனா வாசிச்சிட்டு எரி. எனக்கு முடிவச் சொல்லிப்போடாத. இன்னொரு புத்தகம் வரும்."

வாசிக்க வாசிக்க ஒவ்வொரு தாளாக அடுப்பில் வைத்தேன். இன்னொரு பிரதி வரவேயில்லை. அந்தக் காதும் உனக்குத் திரும்பவில்லை. எப்போதாவது நான் கதையின் முடிவைப் பற்றிப் பேச்செடுத்தால், "வேணாம், வேணாம்" என்று சிரித்துக்கொண்டே கேட்காத காதை என் பக்கம் திருப்புவாய்.

நோன்புக்குச் சற்று முன் மௌத்தானாய். உன் வீட்டில், உன் கட்டிலில். எத்தனையோ சாவுகளைப் பத்திரிகையில் செய்தியாக எழுதிய எனக்கு, உனக்கு அப்படி வாய்த்ததே பெரிய ஆறுதல்.

இப்போது அந்த முழுப் புத்தகமும் கணினியில் விலைக்குக் கிடைக்கிறது. உன் பாதியை நானும் வாசிக்கலாம். வாங்குவதற்குப் பெயரும் விலாசமும் கேட்கிறார்கள். பெயரை அடித்தேன், அழித்தேன். சாவடி போய்விட்டது, பாலம்கூடப் புதிது. ஆனாலும் இந்தத் திரைக்குப் பின்னால் ஒருவன் நின்று, மற்றப் பாதி யாரிடம் என்று கேட்பதாகவே இருக்கிறது.

மற்றப் பாதி இல்லை என்று நீ சொன்னாய். அந்த ஒரு வசனத்துக்குள்தான் இத்தனை காலமும் உயிரோடு இருக்கிறேன். வெளியே வர இன்னும் பயமாக இருக்கிறது, மச்சான்.