நாலு விரற்கடை உயரத்தில் ஒரு வேட்டி

என்னைத் திட்டித் திட்டியே வளர்த்த என் அக்காவுக்கு,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு, நீண்ட ஆலோசனையின் முடிவில், இனி என் வேட்டியைத் தொப்புளுக்கு மேலே நாலு விரற்கடை உயர்த்திக் கட்டுவது என்று தீர்மானித்தேன். கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆலங்காயத்தில் அன்று பேருந்துகள் வழக்கம்போல ஓடின. கடைகளை யாரும் அடைக்கவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை என்று உனக்குத் தெரியும். குடலில் இருந்த கட்டியை வேலூரில் வெட்டி எடுத்து, வயிற்றின் இடப்பக்கம் மலம் இறங்க ஒரு வழி திறந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, மலைமேல் புதூர்நாட்டிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தவள் நீ. மற்றவர்கள் வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள். நீ நேராக உள்ளே வந்து என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாய்.

"இன்னாடா இது, சட்டைக்கு வெக்கற மாதிரி வவுத்துக்கு ஜோபி வெச்சி அனுப்பிட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைக் கழுவுவேன். என் உடம்பின் மீதே எனக்குக் குமட்டியது. அதைச் சொன்னேன்.

"எல்லார் வவுத்துலயும் அதாண்டா இருக்குது. உன்னுது தெரியுது, அவ்ளோதான்" என்றாய்.

அன்றைக்கே உன் பச்சைப் புடவை ஒன்றைக் கிழித்து, இடுப்பைச் சுற்றி வரும்படி ஒரு பட்டையும், அதில் பைக்கு ஓர் உறையும் கையாலேயே தைத்தாய். தையல் கோணல். எட்டு மாதத்தில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. பட்டை இன்னும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

உன் மகள் ரேவதிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலை வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் சட்டையைக் கழற்றிவிட்டு, கோடி வேட்டி கட்டி, பெண்ணின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வர வேண்டும். அவளுக்கு இருக்கிற ஒரே மாமன் நான். தாய் இல்லாத பெண். நான் ஒதுங்கினால், உன் பக்கத்து ஆள் என்று அந்தப் பந்தலில் யார் நிற்பார்கள்?

அந்தக் கேள்விக்கு உன் கொழுந்தன் கோவிந்தனிடம் விடை இருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு பெரிய மனிதர்களோடு ஜீப்பில் இறங்கி வந்தார். என் மனைவி காப்பி கொடுத்தாள். மூன்று டம்ளரும் ஆடை படிந்து ஆறின. ஒருவர் கையும் அதன் பக்கம் போகவில்லை.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க" என்றார் கோவிந்தன். வாயில் புகையிலை இருந்ததால் மோவாயை உயர்த்திக்கொண்டு பேசினார். "நீங்க வாங்க, ஓரமா உக்காருங்க, ஆசீர்வாதம் பண்ணுங்க. கையப் புடிச்சி வர்றதுக்கு எங்க பெரியப்பன் புள்ள இருக்கறான். நாலு சனம் சாப்புட்ற எடம், பாருங்க."

"சாப்பிடுற இடத்துல நான் இன்னா பண்ணிடுவேன்?"

"அதுக்கில்ல மச்சான். ஒரு சுத்தபத்தம் இருக்குதில்ல?"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய் என் ஜன்னல் வழியாகத் துப்பினார். பாதி வெளியே போனது. மீதி சுண்ணாம்புச் சுவரில் கோடு கோடாக இறங்கியது. பிறகு கைவிரலால் உதட்டைத் துடைத்து, அந்த விரலை என் நாற்காலித் துணியில் துடைத்தார். சுத்தம் பற்றிய அவருடைய உரை அத்துடன் முடிவுற்றது.

உன் வீட்டுக்காரர் மாமாவுக்குப் போன் செய்தேன். "நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்கப்பா" என்றார். அவர் மாறவில்லை, கவலைப்படாதே.

அன்று மாலை ரேவதி கூப்பிட்டாள்.

"மாமா, உன் வேட்டி பார்டர் இன்னா கலரு?"

"உங்க சித்தப்பா வந்துட்டுப் போனாரும்மா."

"தெரியும். நான் கேட்டது பார்டரு."

"பச்சை" என்று சொல்லிவிட்டேன். என்னிடம் அப்போது பச்சைக்கரை வேட்டியே இல்லை.

அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்த ஒத்திகையைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே. இடுப்பில் வழக்கமாக வேட்டி கட்டுகிற இடமும் பை இருக்கிற இடமும் ஒன்று. அங்கே இறுக்கினால் உள்ளே இருப்பது கீழே இறங்காது. தளர்த்தினால் வேட்டி இறங்கிவிடும். சட்டை இருந்தால் மறைக்கலாம், அதுவும் கிடையாது. அதனால்தான் அந்த நாலு விரற்கடைத் தீர்மானம். பை முழுவதும் வேட்டிக்குள், அதைத் தாங்க உன் பட்டை, வேட்டியின் முடிச்சு பைக்கு மேலே. ஒரு புதுப் பையில் தண்ணீர் ஊற்றி உறைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கினேன். குனிந்தேன். சம்மணம் போட்டு எழுந்தேன். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, துணிக்கடை முதலாளியைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பண்ணையார் மாதிரி இருக்கீங்க. ஒண்ணும் தெரியல" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வாடை கூட்டுகிற முட்டை, வெங்காயம், கிழங்கு எதுவும் இல்லை. தயிர் கலந்த கஞ்சி மட்டும். காலையில் பழைய பையை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினேன். மாற்றுப் பை, கத்தரிக்கோல், ஈரத்துணி எல்லாம் ஒரு மஞ்சள் பையில். அந்தப் பந்தலில் அன்று என்னைவிடச் சுத்தமாக வந்தவர் மாப்பிள்ளை ஒருவராக இருக்கலாம். அதுவும் உறுதியில்லை.

உன் வீட்டு முற்றத்தில் சட்டையைக் கழற்றினேன். எல்லாக் கண்ணும் என் முகத்தில் தொடங்கி வயிற்றில் வந்து நின்றன. அங்கே அவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரு பச்சைக்கரை. ஏமாந்தவர்களைப் போலச் சிலர் கழுத்தை நீட்டினார்கள்.

ரேவதியின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் நாலடி வைத்திருப்பேன். கோவிந்தன் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"சொன்னேன்ல? நாத்தம் வருது பாரு."

வந்தது, அக்கா. எனக்கும் வந்தது. அழுகின, புளித்த நாற்றம். என் கை தானாகப் பட்டைக்குப் போனது. ஈரம் இல்லை. மறுபடியும் தொட்டேன். இல்லை. ஆனாலும் என் கையைவிட அவர்களுடைய மூக்கைத்தான் நான் நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. யாரோ சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து, பேய் ஓட்டுகிற மாதிரி என்னைச் சுற்றிக் காட்டினார்கள். நான் ரேவதியின் கையை விடப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. "நட மாமா, காலு சுடுது" என்றாள்.

நடந்தோம். மணவறையை நெருங்க நெருங்க நாற்றம் கூடியது. அப்போதுதான் சமையல்கார அம்மாள் ஒருத்தி மூக்கைச் சுருக்கிக்கொண்டு போய், மணவறை மேடைக்கு அடியில் கையை விட்டு ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே மூன்று பலாப்பழம். வெடித்து, கருத்து, புழு நெளிந்துகொண்டிருந்தது.

"யாரு வெச்சது இத?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகக் கொடுப்பதற்கென்று நாலு நாளைக்கு முன்பே பறித்து, ஜீப்பில் போட்டு வெயிலில் வேகவைத்து, பத்திரமாக அங்கே கொண்டுவந்து வைத்தது கோவிந்தன். அவர் துண்டை மூக்கிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பலாப்பழத்துக்கு யாரும் சாம்பிராணி காட்டவில்லை.

மகளை மணவறையில் உட்காரவைத்துவிட்டேன் அக்கா. உன் புடவை என் இடுப்பில் இருந்தது. அதனால் உன் பக்கத்துக்கு இரண்டு பேர் நின்றோம் என்று கணக்கு வைத்துக்கொள்.

ரேவதிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து காது குத்தினால், தாய்மாமன் மடி கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். பிள்ளையை வலத்தொடையில் உட்காரவைத்துக்கொள்வேன். இடப்பக்கம் பை இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. வேட்டியின் உயரம் மாறாது.

தாலி கட்டியதும் முதல் பந்தியில் என்னை உட்காரவைத்தார்கள். வரிசை முழுவதும் இலை போட்டுப் பாயசம் வரை பரிமாறியிருந்தார்கள். என் இரண்டு பக்கத்து இலையிலும் யாரும் உட்காரவில்லை. நான் மூன்று இலைப் பாயசம் சாப்பிட்டேன்.

உன் தம்பி,
பெருமாள்