இடது கீழ் மூலையில் விழுந்த தோட்டாக்கள்

ஏப்ரல் 14, 2018. சனி.

மறுபடியும் ஐந்நூறுக்கு 462. போன வருஷம் இதே மாதம் 481. மான்டானாவில் காற்றே இல்லாத நாள் வருஷத்துக்கு நாலு வந்தால் பெரிசு; இன்று அப்படி ஒரு நாள். சாக்குச் சொல்லவும் வழியில்லை. அணித் தலைவன் ராய்ஸ் என் அட்டையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "ஜூன் அணித் தேர்வு வரைக்கும் பாக்கலாம், நோரீன்." பாக்கலாமாம்! பதினோரு வருஷமாக இந்த மாவட்டத் துப்பாக்கி சுடும் அணியின் நாலு பேரில் ஒருத்தி நான்.

வீட்டில் வெண்டல் சொன்னான்: "கண்ணுதான். அறுபத்திமூணு வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே." கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவன் இப்படி மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏப்ரல் 15

கண்ணாகத்தான் இருக்குமோ?

ஏப்ரல் 22. ஞாயிறு.

பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தோட்டாவைச் சுட்டதும், தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, அது எங்கே போயிருக்கும் என்று எழுதிவிட வேண்டும். கணிப்பு என்போம். இதில் பொய் எழுதுகிறவனோடு யாரும் காபி கூடக் குடிக்க மாட்டார்கள். கணிப்பும் ஓட்டையும் ஒரே இடத்தில் இருந்தால் தப்பு சுட்டவருடையது. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால் ரைஃபிளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் என் கணிப்பெல்லாம் நடுவில். ஓட்டையெல்லாம் இடது கீழ் மூலையில்!

குளிர்காலத்தில் வெண்டல் என் ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டினான். காஸ்டர் கம்பெனி. அதைப் பற்றிக் கேட்டதும் கொதித்துப் போனான். "மேசைல மணல் மூட்டை வெச்சு நானே சுட்டேன். அஞ்சு ஓட்டையையும் ஒரே காசு போட்டு மூடலாம். காஸ்டரைக் குறை சொல்லாதே."

நவம்பரில் வலது பக்கம் பக்கவாதம் வந்த பிறகு அவனை எழுப்பி உட்கார வைத்ததே இந்த வேலைதான். என்னுடையதோடு சேர்த்துக் கிளப்பில் ஐந்து ரைஃபிளுக்குக் குழல் மாட்டிக் கொடுத்தான். அதனால் அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மே 5. சனி.

இன்று முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த ரைஃபிளில் இரண்டு ஊசியை எடுத்தால் மேல் பாதி குழலோடு கழன்று வந்துவிடும். பழைய டங்கன் குழல் இருக்கும் மேல் பாதியை மாட்டி ஒரு சுற்று, காஸ்டரை மாட்டி ஒரு சுற்று. அதே டிரிக்கர், அதே தோட்டா, அதே நோரீன்.

மேசையில் காஸ்டர் ஒரு அங்குலத்துக்குள் போட்டது. டங்கன் ஒன்றரை. வெண்டல் சொன்னது சரிதான்.

அப்புறம் தரையில் படுத்து, போட்டியில் செய்வது போல ரைஃபிளின் தோல் வாரை இடது கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு சுட்டேன். டங்கன் நான் கணித்த இடத்திலேயே போட்டது. காஸ்டர் பத்துக்கு எட்டு இடது கீழே. பேர் பெரிசு, சரக்கு குப்பை! இந்த வருஷம் காஸ்டர் வேண்டாம் என்று கிளப்பில் சொல்லிவிடப் போகிறேன்.

மே 12. சனி.

சொன்னேன். சொல்லியிருக்கவே வேண்டாம்.

ராய்ஸ் சிரித்தான். "என்னுதும் காஸ்டர்தான். ஆனா கம்பெனியிலேயே மாட்டி வந்தது. வார் போட்டே சுட்டுப் பாரு." சுட்டேன். பத்தும் கணித்த இடத்தில்.

அப்போதுதான் பெத்தனி வந்தாள். என் இடத்துக்குப் போட்டி போடுகிற பெண். வயது இருபத்துநாலு. முகமே சரியில்லை. "எனக்கு இது வராது நோரீன். ரைஃபிளை வித்துடலாம்னு இருக்கேன்." அவள் அட்டையை வாங்கிப் பார்த்தேன். இடது கீழ் மூலை. அவள் ரைஃபிளிலும் குழலை மாட்டியது வெண்டல்தான்.

குழலைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு உறை நிற்கும். வார் மாட்டுவது அந்த உறையில்தான். என் ரைஃபிளை மடியில் போட்டு உறையை இழுத்துப் பார்த்தேன். அசைந்தது. சாய்ந்து போய்க் குழலில் இடித்தது. அதைப் பிடிக்கும் நட்டு இறுகவேயில்லை. மேசையில் வைத்துச் சுடும்போது வாரை யார் இழுக்கிறார்கள்? யாருமில்லை.

கம்பெனி இல்லை. குழல் இல்லை. வெண்டலின் வலது கை.

மே 13

அன்னையர் தினம். பிள்ளைகள் போன் செய்தார்கள். வெண்டல் அப்பம் சுட்டான். நான் சொல்லவில்லை.

மே 16. புதன்.

அவன் கைப்பயிற்சிக்குப் போகிற நேரத்தில் என்னுடையதை நானே இறுக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. மற்ற நாலு பேருடையது? பெத்தனி விற்றுவிட்டுப் போய்விட்டால் எனக்குப் போட்டியே இல்லை — சீ. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். நினைக்காதது போல எழுத முடியாது.

அவனிடம் இதை எப்படிச் சொல்வது? அந்தக் கையால் ஒன்றும் ஆகாது என்று எந்த வாயால் சொல்வேன்?

மே 20. ஞாயிறு.

சொல்லிவிட்டேன். கராஜில், எவ்வளவு இறுகியது என்று முள் காட்டும் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்து, "உன்னால முடிஞ்ச மட்டும் இறுக்கு" என்றேன். கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினான். "ஆச்சு" என்றான். அப்புறம் முள்ளைப் பார்த்தான். பாதி கூட வரவில்லை.

ஸ்பேனரை மேசையில் வைத்தான். "எனக்கு நல்லா இறுகின மாதிரிதான் இருந்துச்சு, நோரீன். சத்தியமா." அழுதுவிடுவான் என்று பயந்தேன். அழவில்லை. உள்ளே போய் நாலு பேருக்கும் அவனே போன் செய்தான். "தப்பு என்னுது. ரைஃபிளைக் கொண்டு வாங்க." பெத்தனியிடம் மட்டும் இரண்டு தரம் சொன்னான்: "உன் மேல குத்தமில்லைம்மா."

மே 26

ஐந்தும் முடிந்தன. அவன் எந்த இடம் என்று காட்டினான், நான் இறுக்கினேன். தோள்பட்டை கழன்று விழுகிறது.

ஜூன் 3. ஞாயிறு. தேர்வு.

பெத்தனி 484. நான் 470.

கணிப்பும் ஓட்டையும் ஐம்பதிலும் ஒத்துப்போயின. எட்டாம் வளையம் என்று எழுதினேன், எட்டில் இருந்தது. ரைஃபிளில் ஒரு குறையும் இல்லை. கண்ணும்தான் போயிருக்கிறது. வெண்டல் என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியில் ஏறியதும் அழுதேன். அவன் கிளப்பவே இல்லை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

கிளப்புக்குச் செயலாளர் நான்தான். அணிப் படிவத்தை மடியில் வைத்து அங்கேயே எழுதினேன். நான்காவது பெயர், பெத்தனி. அதற்குக் கீழே ரைஃபிள் பழுதுபார்ப்பவர் என்று ஒரு கட்டம். வழக்கம்போல வெண்டல் என்று எழுதி மூடப் போனேன்.

"உன் பேரையும் போடு" என்றான்.

போட்டேன்.