பதினைந்து கிலோ வண்டி

மார்ச் 2

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

நலமா? நீ வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. திட்டிக்கொள். பத்திரிகைக்காக ஒரு மின்சார சைக்கிளை மதிப்பிட வேண்டும். நகரத்துக்கென்றே செய்தது, மொத்தமே பதினைந்து கிலோ. தினமும் வேலைக்குப் போகிறவர் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போகிறவர் என்றால் இன்னும் நல்லது. உன்னை விட்டால் யார்? வண்டியை உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். மதிப்பீட்டுத் தாளில் பத்துக் கட்டம் நிரம்ப வேண்டும். அதற்கு வேண்டியதை எழுது.

உன் மார்க் வாத்தியார்

ஏப்ரல் 4

அன்புள்ள மார்க் வாத்தியாருக்கு,

நலமே. என் காபிக்கு ஏழு, நான் கதவு சாத்துவதற்கு நாலு என்று மார்க் போட்டவர் இப்போது என்னையே மார்க் போடச் சொல்கிறார்! சிரித்துவிட்டேன்.

வண்டி தங்கம். கடைக்கு இருபது நிமிடம், பஸ்ஸில் நாற்பது. வேர்க்காமல் போய் உட்காருகிறேன். மூன்று மாடியும் தூக்க முடிகிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஹேண்டில் சுவரில் இடிக்கும். கீழ்வீட்டு அம்மா, "ஏம்மா, நீ வண்டில போறியா, வண்டி உன்மேல போகுதா?" என்கிறார். மழையில் பிரேக் கத்துகிறது. ஒரு சார்ஜுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

(பின்பக்கம்)

இது பத்திரிகைக்கு இல்லை. கோபித்துக்கொண்டு வந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, காலை பத்து மணிக்கு வருகிறேன். போக வர நாற்பத்து நாலு கிலோமீட்டர், ஒரு சார்ஜ் போதாது. அங்கே பிளக் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருந்தால் பேசுவோம். இல்லாவிட்டால் அதையே பதிலாக வைத்துக்கொள்வேன்.

உங்கள் கண்ணாடிக்கடைக்காரி

ஏப்ரல் 13

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

அறிக்கை பிரமாதம்! கம்பெனிக்காரர் ஐம்பது கிலோமீட்டர் என்று அடித்துவிட்டார். உன் முப்பத்தெட்டைத்தான் போடுகிறேன். கீழ்வீட்டு அம்மாவையும் விடவில்லை. நேற்று முழுக்க மலைச்சாலையில் வேறொரு வண்டி, இடுப்பு கழன்றுவிட்டது. உனக்குப் பத்துக்கு ஒன்பது.

உன் மார்க் வாத்தியார்

மே 6

அன்புள்ளவளே,

பழைய தாள்களை ஃபைலில் போடும்போது உன் கடிதம் குப்புற விழுந்தது. பின்பக்கத்தை இன்றுதான் பார்த்தேன். கட்டங்களுக்கு வேண்டியது கிடைத்ததும் தாளை வைத்துவிடுவது என் தொழில் புத்தி. உன் கடிதத்தையும் அப்படித்தான் வைத்துவிட்டேன். அன்று வந்தாயா? வந்திருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீ இல்லாத வீடு வீடாகவே இல்லை. நான் வரட்டுமா? ஒரு வரி எழுது, போதும்.

உன்னுடைய

மே 9

அன்புள்ள உங்களுக்கு,

வந்தேன். பூட்டியிருந்தது. படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மிச்சம் ஆறு கிலோமீட்டரும் மிதித்துத்தான் வந்தேன். முதல் மேட்டில் அழுகை வந்தது. அடுத்த மேட்டில் வரவில்லை. மோட்டார் இல்லாமலும் அந்த வண்டி அவ்வளவு பாரமில்லை. இதைக் கட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இது உங்கள் சுபாவம், இதோடு யார் சண்டை போடுவது? வர வேண்டாம். நன்றாகச் சாப்பிடுங்கள், இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளைத் திருப்ப வேண்டாம். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

கண்ணாடிக்கடைக்காரி