கையெழுத்துக்கு வைத்த பட்டியல்

10 நவம்பர் 2025, திங்கள்

மன்னிக்க வேண்டும். இது பார்வையாளர்களின் நேரம் குறித்துவைக்க அலுவலகத்துக்கு வந்த டைரி. இதில் சொந்தக் கதை எழுதுவது தப்புதான். எழுதிவைக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளும் இல்லை. ஆனால் துணைவேந்தர் கோமளா மேடத்தின் பதவிக்காலம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. மூன்று வருடம் அவர் அறை வாசலில் தற்காலிக உதவியாளராக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு எங்காவது ஒரு அடையாளம் இருக்கட்டும்.

பிரிவு உபசார விழா மலருக்கு மேடத்தின் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்ய வேண்டுமாம். நேர்முக உதவியாளர் திருமலைசாமி சார் சொன்னார்: "நாலு பக்கம் போதும் அம்மணி. அஞ்சாவது பக்கத்த மேடமே படிக்க மாட்டாங்க."

11 நவம்பர்

மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறந்தது பெரியநாயக்கன்பாளையம். அப்பாவுக்குச் சின்ன வார்ப்படப் பட்டறை. விரிவுரையாளர், துறைத் தலைவர், பதிவாளர், துணைவேந்தர் — முப்பத்தைந்து வருடத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பிறகு நான் கேட்காமலே ஆனைகட்டி பற்றிப் பேச ஆரம்பித்தார். தாவரவியல் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு செடி சேகரிக்கப் போவாராம். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் எல்லோர் மடியிலும் ஈரத் தழை. இதுக்கெல்லாம் லக்கேஜ் போடட்டுமா என்று கண்டக்டர் வம்பிழுத்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூணு வருசத்துல ஒரு க்ளாஸ் எடுக்கல அம்மணி. கையெழுத்துத்தான் போட்டேன்."

இதை மலரில் சேர்ப்பதா? தெரியவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

13 நவம்பர்

முனைவர் பட்டச் சேர்க்கைப் பட்டியல் வந்தது. 'கையெழுத்துக்கு' என்ற மஞ்சள் சீட்டை ஒட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தது நான்தான். மேடம் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து புரட்டினால், பன்னிரண்டாவது பெயர்: சண்முகப்பிரியா, வரலாறு. நான். எதிரே, "விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை."

நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

14 நவம்பர்

சொல்லியிருக்கிறேன். நேர்காணலில் ஒரு பேராசிரியர், பஞ்சாலை விடுதிப் பெண்களைப் பற்றிய ஆய்வென்றால் ஊர் ஊராக அலையணுமே, கஷ்டமாச்சே என்றார். "ஆமாங்க." வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பாங்களே. "ஆமாங்க." அப்போ இந்த வேலையே போதும்னு தோணுதா? "ஆமாங்க."

எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசினால் அப்படித்தான். முதலில் ஆமாங்க. நம் எண்ணத்தை அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். நேர்காணலில் அப்புறம் என்று ஒன்று இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம். இருபத்தெட்டு வரைக்கும்.

16 நவம்பர், ஞாயிறு

பெருந்துறையிலிருந்து அம்மா போன். "ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?" இன்னும் இல்லையென்று பொய் சொல்லிப்போட்டேன். பதினாறு வயதில் அம்மாவும் அப்படி ஒரு மில் விடுதியில் இருந்தவள். எட்டு பேருக்கு ஒரு அறை, ஒரு கண்ணாடி. தலை வாரும் வரிசையில் அவள் எப்போதும் கடைசியாம். நான் எழுத நினைத்ததே அந்த அறையைப் பற்றித்தான்.

19 நவம்பர்

திருமலைசாமி சார் பட்டியலைப் பார்த்துவிட்டார். "ஏனம்மணி, உம்பட பேர அடிச்ச லிஸ்ட்டுக்கு நீயே சீட்டு ஒட்டுனியாக்கும்? ரொம்ப நல்ல புள்ள போ." சிரித்துவிட்டு, குரலைத் தணித்து, உள்ளே போய் மேடத்திடம் சொல் என்றார்.

எப்படிச் சொல்வேன்? சிபாரிசோடு வருகிறவர்களை மூன்று வருடமாக நான்தான் உள்ளே அனுப்புகிறேன். அவர்கள் வாயைத் திறந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அந்தக் கண்ணாடியை எனக்காகவும் கழற்றிவிட்டால்?

24 நவம்பர்

மலர் அச்சுக்குப் போனது. விருதுகள் பத்தியை எடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்த தழையைச் சேர்க்கச் சொன்னார் மேடம்.

27 நவம்பர்

ஆட்சேபக் கடிதம் நான்கு முறை எழுதினேன். நான்கிலும் முதல் வரி மன்னிப்பு. கிழித்துப்போட்டேன்.

28 நவம்பர், வெள்ளி

காலையில் விழா. பொன்னாடைகள், போட்டோக்கள். மதியம் அலமாரி காலியானது. சுவரில் மேடத்தின் படம் மாட்ட ஆணி அடித்துவிட்டார்கள். படம் இன்னும் வரவில்லை. மூன்று வருடம் மேடத்தின் மேஜை மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடியிருக்கிறேன். இனி வேறு யாரோ அடிப்பார்கள்.

நாலரைக்குக் கடைசிக் கோப்பில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். "அவ்வளவுதானா அம்மணி? பாக்கி ஏதாச்சும்?" தினமும் கேட்பதுதான். தினமும் இல்லீங்க மேடம் என்பேன்.

"ஒண்ணு இருக்குங்க."

பட்டியலை எடுத்து என் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். நேர்காணலில் நடந்ததையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப உனக்கு எடம் போட்டுக் குடுக்கணுமா?"

"இல்லீங்க மேடம். எடம் வேண்டாங்க. இன்னொரு தடவ என்னக் கூப்புட்டுக் கேக்கச் சொல்லுங்க."